அளந்த தண்ணீர்

மாரி பொய்த்துப்போன வருஷம் அது. கார்த்திகையில் நாலைந்து நாள் பெய்தது, மார்கழியில் கொஞ்சம் தூறல், அதோடு சரி. தை பிறந்ததும் பனி மட்டும் தவறாமல் வந்தது. விடியப்புறம் முற்றத்தில் இறங்கினால் எதிரே நிற்கிற வேலி தெரியாது. தோட்டத்தில் பயிற்றங்கொடி இலையெல்லாம் நனைந்திருக்கும். அடிமண்ணைக் கிள்ளிப் பார்த்தால் சாம்பல் மாதிரி உதிரும். வெயில் ஏற அந்த ஈரமும் போய்விடும். பிறகு பொழுதுபடும்வரை வாடைக்காற்று. உதடு வெடித்து, உப்புப் பட்டால் எரியும்.

துணுக்காயில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டம் என் கணவர் கையால் உண்டானது. கத்தரி, மிளகாய், தக்காளி, பயிற்றை, வேலியோரம் இரண்டு முருங்கை. அவருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு வாரத்தில் இரண்டு நாள் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வரவேண்டும். அதனால் மண்வெட்டி என் கைக்கு வந்தது. அந்த வருஷமும் செடி நடத்தான் வேண்டும் என்று நின்றவர் அவர். கதிரையில் உட்கார்ந்தபடி பாத்தி எங்கே, வாய்க்கால் எங்கே என்று கை காட்டினார், நான் கொத்தினேன்.

டொக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான்; தேத்தண்ணி, சொதி எல்லாம் அதற்குள். மற்றது, தக்காளி, கீரை, முருங்கை தொடக்கூடாது. "மிச்சக் காய்கறியளை அவிச்சு, தண்ணியை வடிச்சுப்போட்டுக் குடுங்கோ" என்றார். நான் வளர்த்ததில் பாதி அவர் வாயில் வைக்க முடியாதது. அப்படியென்றால் இது யாருக்கு என்று நான் அவரிடம் கேட்கவில்லை. காலையில் போத்தலில் அரை லீற்றர் அளந்து அவர் கதிரைக்குப் பக்கத்தில் வைப்பேன். மத்தியானத்துக்குள் அது அடியில் நிற்கும்.

தை பாதியில் மோட்டர் தண்ணீர் இழுக்க மறுத்தது. வாளியால் அள்ளத் தொடங்கினேன். கிணற்றில் இரவு ஊறுவதுதான் அடுத்த நாளுக்கு.

"இண்டைக்கு எத்தினை வாளி?" என்று கேட்பார்.

"பன்னிரண்டு."

"அப்ப தக்காளியை விடும். கத்தரி தாங்கும்."

தக்காளி போனது. அடுத்த கிழமை மிளகாயை விடச் சொன்னார். அதற்கு முதலே இலை சுருண்டிருந்தது. சாம்பல் தூவியும் மீளவில்லை.

தாகத்தோடு இருக்கிற மனுசனுக்கு முன்னால் செடிக்குத் தண்ணீர் வார்ப்பது எனக்குப் பெரிய பாவம்போல இருந்தது. சத்தம் கேட்காமல், வாளியை மண்ணோடு சேர்த்துச் சரித்து, முதுகால் மறைத்துக்கொண்டு வார்ப்பேன்.

"ஏன் ஒளிச்சு ஊத்துறீர்?" என்றார் ஒரு நாள். "இஞ்சாலை தள்ளி நிண்டு ஊத்தும். நான் பாக்கவேணும்."

தள்ளி நின்று ஊற்றினேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை. அதைக் குடிப்பதால்தான் இந்தச் சிறுநீரக வருத்தம் வருகிறது என்று ஊரில் கதை. குடிக்கிற தண்ணீர் பவுசர் வண்டியில் வரும். மாசி தொடக்கத்தில் ஒரு காலை, றோட்டடியில் தண்ணீர்க் கானை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது கதிரையில் அவரைக் காணவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்தார். கத்தரிக்கென்று நான் அள்ளி வைத்த வாளி மடியில். சேட்டின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"ரெண்டு மிடறு எண்டுதான் நினைச்சனான்," என்றார். "நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

வாளியை வாங்கினேன். அரைவாசிதான் மிஞ்சியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்கில் காணாத ஒரு ஆறுதல் அதில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது அதனால்தான்.

பின்னேரம் கால் வீங்கியது. மறுநாள் விடிய மூச்சு முட்டியது. படுக்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்புலன்ஸில் வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். ஆறு நாள் வார்ட்டில் அவரோடு இருந்தேன். அடுத்த காணியில் இருக்கிற அவருடைய தங்கையிடம் தோட்டத்தை விட்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் வேலிப் படலையடியில் நின்றாள்.

"மச்சாள், ரெண்டு நாள் ஊத்தினனான். பிறகு சேறுதான் வந்தது. குரங்கும் விடேல்லை. கோவிக்காதேங்கோ."

"அதுக்கு நீர் என்ன செய்யிறது," என்றேன்.

கத்தரி நின்ற நிலையில் காய்ந்திருந்தது. பயிற்றைப் பந்தலைக் குரங்குகள் சரித்துவிட்டிருந்தன. அன்றைக்கே எல்லாவற்றையும் பிடுங்கினேன். இழுத்தவுடன் வந்தது, வேரில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. பிடுங்கி முடித்து உள்ளே போனேன்.

"கத்தரி?" என்று கட்டிலில் இருந்து கேட்டார்.

"காஞ்சு போட்டுது."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு தன்னை வெளியே கூட்டிப்போகச் சொல்லவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு மழை பெய்தது. ஒரு மணித்தியாலம் இருக்கும். அடுத்த நாள் அவருடைய தங்கை பத்து மிளகாய் நாற்றை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தாள். "மண் நனைஞ்சிருக்கு, நடுவமே?" என்றாள். பிறகு நடுகிறேன் என்று வாங்கி, குசினி நிழலில் வைத்தேன். நடவில்லை. ஏன் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேலை ஒன்றும் இருக்கவில்லை, நேரமும் கிடந்தது. மூன்றாம் நாள் தண்டு வதங்கிவிட்டது.

அடுத்த நாள் அவருக்கு வவுனியாவில் கிளினிக். முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டும். வீட்டிலிருந்து றோட்டுக்கு முன்பெல்லாம் ஒரு இடத்தில் நின்று போவார்; அன்றைக்கு மூன்று இடத்தில் நின்றார். பஸ் படியில் கால் தூக்க முடியவில்லை. கொண்டக்டர் இறங்கி வந்து, "மெதுவா ஐயா" என்று கையைப் பிடித்து ஏற்றினார். நானும் பின்னால் ஏறினேன். பஸ்ஸில் ஆள் குறைவு. இருக்க இடமிருந்தது.