பேரையூர் மினிபஸ்ஸும் ஏழு உலோகச் சக்கரங்களும்

எழுபத்திரண்டு வயதில் ஒருத்தி பொம்மை பஸ் வாங்கத் திருச்சியிலிருந்து பேரையூருக்குப் போகிறாள் என்றால், அவளுக்கு ஒரு பேரன் இருக்க வேண்டும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குப் பேரன் இல்லை. பஸ் எனக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நேரம் மிச்சமாகும்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றபின், வீட்டு மாடியில் ஒரு சிறிய ரயில் நிலையத்தை அமைத்து வருகிறேன். அசலில் ஓர் அடி என்பது என் மேசையில் நான்கு மில்லிமீட்டர். அதாவது எழுபத்தாறில் ஒரு பங்கு. இந்த அளவில் எஞ்சினும் பெட்டிகளும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. சாலை வாகனங்கள்தாம் கிடைப்பதில்லை. மூடிய லெவல் கிராசிங்கில் ஒரு வண்டிகூடக் காத்திருக்காவிட்டால், பார்ப்பவர்களுக்கு அன்று பந்த் என்றுதான் தோன்றும். ஆகவே பழைய பஸ், லாரி, கார் ஆகியவற்றின் உலோகக் கிட்டுகளைச் சேகரிக்கிறேன். கிட் என்பது செய்து முடித்த பொம்மை அன்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளை உலோகத்தில் வார்த்த துண்டுகள் ஒரு பெட்டியில் இருக்கும். தேய்ப்பதும் ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் வாங்கியவர் பாடு.

சென்ற ஆவணியில், பழம்பொருள் விற்பவர்களுக்கான ஓர் இணையக் குழுவில் ஒரு மூடிய பெட்டியின் படம் வந்தது. அதன் மேலட்டையில், முன்பக்கம் மூக்கு நீண்ட, ஐம்பதுகளின் பஸ். நான் ஒன்பது ஆண்டுகளாகத் தேடிய கிட். விற்பவர் பெயர் முருகேஸ்வரி, ஊர் பேரையூர். தபாலில் அனுப்பச் சொன்னேன். "தபால்ல அனுப்ப முடியாதுங்க. நேர்ல வந்து உங்க கையால வாங்கிக்கிடணும்" என்றார். காரணம் கேட்டேன். "வாங்க, சொல்றேன்" என்றார். எனக்கு விளங்கவில்லை. இந்தப் பயணம் முழுவதும் எனக்குப் பெரும்பாலும் எதுவும் விளங்கவில்லை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

காலை ஐந்தரைக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். எட்டரைக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். பூச்சந்தை பக்கத்திலேயே இருப்பதால், டீசல் புகைக்கு நடுவில் மல்லிகை மணக்கும். இரண்டில் எதையும் முழுதாக முகர முடியாது. டி. கல்லுப்பட்டிக்கு எங்கே ஏறுவது என்று மூன்று பேரைக் கேட்டேன். நான்கு பதில்கள் கிடைத்தன. ராஜபாளையம் போகும் எந்த பஸ்ஸும் கல்லுப்பட்டி வழியாகத்தான் போகும் என்பதை அரை மணி நேரம் கழித்து ஒரு பூக்காரம்மாள் சொன்னார். கட்டணம் நாற்பத்தைந்து ரூபாய், பயணம் ஒன்றேகால் மணி நேரம். திருமங்கலம் தாண்டியபின் இருபுறமும் கரிசல், வேறொன்றும் இல்லை. அது ஒன்றும் குறை அன்று.

கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் எட்டு கிலோமீட்டர். மினிபஸ்ஸில் பன்னிரண்டு ரூபாய். ஓட்டுநருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், பெரிய மீசை. கண்டக்டர் செல்வம், முப்பதுக்குள். அவர் டிக்கெட் கொடுத்தபின் உட்காரவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இடைவிடாமல் பேசினார்.

"அண்ணே, எதுத்தாப்ல டிராக்டரு. வலது பக்கம் ஆடு மூணு, ஒண்ணு குட்டி. பாலம் வருது. பாலத்துல ஒரு கிழவன் ஒக்காந்துருக்கான், எந்திரிக்க மாட்டான், நம்மதான் ஒதுங்கணும்."

கிரிக்கெட் வர்ணனை போல் இருந்தது. பயணிகளுக்காகச் செய்யும் சேவை என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அது அப்படித்தாம்மா. செல்வம் வாய மூடுனா வண்டி நின்னுபோகும்" என்று சிரித்தார். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

முருகேஸ்வரியின் வீடு பேரையூர் கடைத்தெருவுக்குப் பின்னால். நாற்பத்தைந்து வயதுக்காரர், தையல் மெஷின் வைத்திருக்கிறார். காபி கொடுத்தபின் பெட்டியை எடுத்து வந்தார். மதுரையில் இருந்த ஒரு ரயில்வே அதிகாரிக்கு அவர் கணவர் முன்பு கார் ஓட்டியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போகும்போது அந்த அதிகாரி கொடுத்துவிட்டுப் போனது இது. நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஏழு சக்கரங்கள் மட்டும் இருந்தன. முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஒரு ஸ்டெப்னி. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. கூரை, பக்கங்கள், மூக்கு எதுவும் இல்லை.

"பஸ் எங்கே?" என்றேன்.

"பஸ்ஸு கோயில்ல இருக்கு. வாங்க, பக்கந்தான்."

கண்மாய்க் கரையில், கருப்பசாமி கோயில். மண்குதிரைகளுக்கும் நட்டுவைத்த அரிவாள்களுக்கும் இடையே, நான் ஒன்பது ஆண்டுகளாகத் தேடிய பஸ் சக்கரமில்லாமல் தரையில் படுத்திருந்தது. மூக்கில் சந்தனம், கூரையில் திருநீறு. கூரையை முன்பின் மாற்றி ஒட்டியிருந்தார்கள். பசை ஜன்னல்களில் வழிந்திருந்தது. நான் பெருமூச்சு விடவில்லை. ஒட்டுவதில் இத்தனை பிழைகளை ஒரே வண்டியில் செய்வது எளிதன்று என்று மட்டும் தோன்றியது.

விவரம் இதுதான். முருகேஸ்வரியின் கணவர் பாண்டி சொந்தமாக மினிபஸ் வாங்கி ஓட்டுகிறார். சித்திரையில் அது ஒரு புளியமரத்தில் மோதியது. யாருக்கும் பெரிய அடி இல்லை. வண்டி பழுது நீங்கி வந்தால் கருப்பனுக்கு ஒரு பஸ் செய்து வைப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். கண், கை, வீடு, தொட்டில் எல்லாம் தகட்டில் அடித்து மதுரைக் கடைகளில் விற்கிறார்கள், பஸ் விற்பதில்லை. வீட்டில் இந்தப் பெட்டி இருந்தது.

"சக்கரத்தை ஏன் மாட்டவில்லை?" என்றேன்.

"சாமிக்கு வச்ச வண்டி நிக்கணும், வீட்டு வண்டி ஓடணும். அதான் சக்கரம் வீட்டுல. அது வீட்டுல இருக்குற மட்டும் தனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நிக்கிறாரு அந்த மனுசன்."

"அப்படியிருக்க அதை ஏன் எனக்கு விற்கிறீர்கள்?"

முருகேஸ்வரி கண்மாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவுகளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. ஆறு மாசமா ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்புடுறேன். கருப்பன் பாத்துக்குவான்றாரு. செல்வம் பின்னால நின்னு சொல்லச் சொல்ல ஓட்டுறாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக ஏறுற வண்டிங்க அது. சக்கரம் வீட்ட விட்டுப் போச்சுன்னா ஸ்டேரிங்கத் தொட மாட்டாரு. நானே தூக்கிக் கெணத்துல போட்டா பாவம் எனக்கு. தபால்காரர்ட்டக் குடுத்தா அந்தப் பாவம் அவருக்கு. வெளியூரு ஆளு கைநீட்டி வாங்கிட்டுப் போனா, அது வேற."

வர்ணனை யாருக்காக என்பது அப்போதுதான் விளங்கியது. பன்னிரண்டு ரூபாய் கொடுத்து அந்த வண்டியில்தான் வந்திருந்தேன் என்பதும்.

உடலில்லாத பஸ்ஸின் சக்கரங்கள் எனக்கு எதற்கும் உதவா. ஆனாலும் வாங்கினேன். கோயிலில் இருப்பதையும் தர முடியுமா என்று கேட்டேன். கேட்காமல் வருவதற்கு நான் துறவி அல்லேன். "சாமி சொத்தை எடுத்துட்டுப் போயி நீங்க நல்லாருக்க வேணாமா" என்றார் முருகேஸ்வரி. பிறகு, "அவுகட்ட நீங்க ஒண்ணும் சொல்லிராதீக. சாயங்காலம் வரட்டும், நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அரசு பஸ்ஸுக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். அடுத்தது ஒன்றரை மணிக்கு என்றார்கள். பதினொன்றே முக்காலுக்கு மினிபஸ் வந்து என் காலடியில் நின்றது. "ஏறுங்கம்மா, வெயில்ல நிக்காதீக" என்றார் பாண்டி. ஏறிவிட்டேன்.

கைப்பை மடியில் இருந்தது. ஈயச் சக்கரங்களுக்கும் மனித விழியின் புரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது எனக்குத் தெரியும். ஆயினும் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். செல்வம் டிக்கெட்டுக்கு வந்தார். என்னிடம் இருநூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது.

"என்னங்கம்மா, காலங்காத்தால... மதியத்துல இருநூறு நீட்டுறீக" என்று முனகியபடி குனிந்து சில்லறை எண்ணத் தொடங்கினார். பேச்சு நின்றது. வண்டி நிற்கவில்லை. முன்னால் ஒரு சைக்கிள், பின்னால் புல்லுக்கட்டோடு, சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. பாண்டிக்குத் தெரியவில்லை. என் தொண்டையிலிருந்து ஏதோ ஒலி வந்தது. அது சொல்லாக இருந்ததா என்பது நினைவில்லை. செல்வம் நிமிர்ந்தார். "அண்ணே, சைக்கிளு, சைக்கிளு." வண்டி வலப்புறம் சாய்ந்து நிமிர்ந்தது. புல்லுக்கட்டில் பாதி எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விழுந்தது. சைக்கிள்காரர் பின்னால் நின்று எங்கள் குலத்தையே ஏசிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தக் குரல் இருந்ததே பெரிது.

கல்லுப்பட்டியில் எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பாண்டிக்கு மாலைக்குள் இன்னும் நான்கு நடை இருந்தது. அவற்றில் ஒன்று பள்ளிக்கூடம் விடும் நேரம். முருகேஸ்வரிக்கு நான் வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. தலையை ஆட்டியிருந்தேன், அவ்வளவே. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்க வீட்டுச் சக்கரம் ஏழும் என் பையில இருக்கு. காலையில விலைக்கு வாங்கிட்டேன்" என்றேன்.

அவர் பெட்டியை வாங்கி, மூக்கில் இடிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

"அப்ப இந்த நடை... சக்கரம் இல்லாமயா ஓட்டிட்டு வந்தேன்?"

"இல்லண்ணே" என்றார் செல்வம். "சக்கரம் வண்டிக்குள்ளதான இருந்துச்சு. இந்தம்மா பையில."

பாண்டியின் முகம் தெளிந்தது. "அதான் மாப்ள, சைக்கிள்காரன் தப்பிச்சுட்டான். கருப்பன் கூடவே வந்துருக்கான்ல."

இந்தத் தர்க்கத்தில் பிழை எங்கே என்று நின்று யோசித்தேன். முப்பது ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியவள் நான்; இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தெரியவில்லை. அவர் தொடர்ந்தார்: "இத விட்டுட்டுப் போயிருங்கம்மா. காசைத் திருப்பித் தாரேன்."

"கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. காசு வேணாம், சும்மாவே தாரேன்."

"கருப்பன் பாத்துக்குவான்."

"கருப்பன் பாக்கலை. செல்வம் பாத்தாரு. என் இருநூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணுன நேரத்துல அவரும் பாக்கலை."

செல்வம் தன் காலணியைப் பார்த்தார். பாண்டி பெட்டியை என்னிடமே நீட்டினார். வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மாப்ள, உசிலம்பட்டிக்காரனுக்குப் போனப் போடு, சாயங்காலம் வரைக்கும் வந்து ஓட்டட்டும்" என்றார். நான் ராஜபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறி மதுரைக்குத் திரும்பினேன். முருகேஸ்வரி மாலையில் தொலைபேசியில் அழைத்து, "சொல்லாதீகன்னுதான சொன்னேன்" என்று ஒரு மூச்சுத் திட்டினார். பிறகு நான் சாப்பிட்டேனா என்று கேட்டார்.

புரட்டாசியில் ஒரு கண், ஐப்பசியில் மற்றொன்று. கட்டு அவிழ்த்த மறுவாரம் பாண்டி என்னை அழைத்தார். "நம்ம ரோட்டுல இம்புட்டுக் குழி இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா. செல்வம் ஒண்ணையும் சொன்னதில்ல." சக்கரங்களைத் தபாலில் அனுப்பவா என்றேன். கூடாதாம். மாட்டுத்தாவணியில் சந்தித்துக் கையில் கொடுத்தேன். செல்வத்துக்குத்தான் இப்போது சிரமமாம். பேச வேண்டிய தேவையில்லாவிட்டாலும் பேசுவதை நிறுத்த முடியவில்லையாம்.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. மதுரையிலிருந்து பேரையூர் போய்வர அரை நாள் போதும். மாட்டுத்தாவணியில் கல்லுப்பட்டி என்று கேட்காமல் ராஜபாளையம் என்று கேளுங்கள். உலோகக் கிட் வாங்குவதானால், பெட்டியின் படத்தைப் பார்த்துப் புறப்படாமல், திறந்த பெட்டியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை உலோகத்தில் ஈயம் உண்டு. தொட்டபின் கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சில்லறை கொண்டு போங்கள்.

மாட்டுத்தாவணியில் பாண்டி அன்று சக்கரங்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையை நீட்டி, தொலைவில் வைத்தே பார்த்தார். ஆறை எடுத்துக்கொண்டு ஸ்டெப்னியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்க வச்சுக்கங்கம்மா. கருப்பனுக்கு ஸ்டெப்னி தேவப்படாது" என்றார்.

அது இப்போது என் லெவல் கிராசிங்கில், கேட்கீப்பர் குடிசையின் சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. பார்க்க வருகிறவர்கள், சக்கரம் இருக்கிறதே, பஸ் எங்கே என்று கேட்கிறார்கள். பேரையூரில் நிற்கிறது என்கிறேன். அப்படியானால் ஓடுவது எது என்கிறார்கள். அதுவும் பேரையூரில்தான்.