களஞ்சியக்காரனுக்குப் பொன்னாடை

தட்டுப்பாட்டுக் காலத்தில் அரிசியையும் பால்மாவையும் பதுக்கி, விலை ஏறியபின் விற்றவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கடைக்காரர் தானியேல் முதலாளி. அவருக்கே ஆலயத்தில் பொன்னாடை போர்த்தச் சபைக் குழு தீர்மானித்தது. இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்து அச்சிற்றாலயத்தில் உபதேசியாராக இருந்த எனக்கு, அவரை வாழ்த்திப் பிரசங்கிக்கும் கடமை வாய்த்தது.

"பதுக்கினவருக்கா பொன்னாடை?" என்றேன்.

"அது பதுக்கல் இல்லீங்க உபதேசியாரே, மூளை! நம்ம பயலுக அவரப் பாத்துல்ல படிக்கணும்," என்றார் செயலாளர்.

பொருளாசைக்காரனை வாழ்த்துவோரையும் வேதம் கண்டிக்கிறது. ஆகவே, விளைச்சல் மிகுந்ததும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையைத் தேர்ந்தேன். அன்றிரவே அவன் இறப்பான். உவமையின் உயிரே அதுதான்.

"பெரிய களஞ்சியம் கட்டுவேன் என்றான்," எனச் சொல்லி மூச்சு வாங்கினேன். தகரக் கூரையில் மழை இறங்கிற்று. மழை இரைந்தால் பிரசங்கத்தை நிறுத்திப் பாட்டெடுப்பது எங்கள் சபை வழக்கம். மழை ஓய்ந்தபோது பொன்னாடையும் போர்த்தியாகிவிட்டது. என் உவமைச் செல்வன் சாகாமலே தப்பினான்.

முதலாளி கண்கலங்க எழுந்தார். "உபதேசியார் சொன்ன மனுசன் மாதிரியே நானும் பெரிய ஸ்டோர் கட்டப் போறேங்க. லயத்துக்குப் பின்னால எடம் பாத்தாச்சு. தோட்டத்துத் தொரையும் சரின்னுட்டாரு!"

ஆலயம் கைதட்டலால் அதிர்ந்தது. தட்டாதவர் ஞானம்மா ஒருவரே. தொழிலாளர் வீட்டு வரிசையான அந்த லயத்தின் பின்னால் இருந்தது அவருடைய லீக்ஸ் மரக்கறிப் பாத்தி. கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவருக்கு வேறு பிழைப்பில்லை.

அடிக்கல் நாட்டவும் என்னையே ஜெபிக்க அழைத்தனர். வானம் வெளுத்திருந்தது. ஜெபத்துக்கு முன் உவமையின் மீதியைச் சொன்னேன்.

முதலாளியின் கையில் சாந்துக் கரண்டி அப்படியே நின்றது. "செத்துட்டானா? அன்னைக்குச் சொல்லவே இல்லியே!"

"பாட்டெடுத்துட்டாங்க, முதலாளி."

"எதுனால செத்தான்? சீனி வியாதியா, பிரசரா?"

"அது எழுதலீங்க."

"அது கெடக்கட்டும் முதலாளி," என்றார் ஞானம்மா. "சேத்து வச்ச மூட்டையெல்லாம் யாருக்குப் போச்சு?"

வேதத்தில் கடவுள் கேட்பதும் இதே கேள்விதான். நான் வாயெடுப்பதற்குள் முதலாளியின் மனைவி விடையிறுத்தார்: "வேற யாருக்கு? நமக்குத்தான் புள்ள இல்லியே. ஒங்களோட பேசாம திரியிறாரே ஒங்க தம்பி, அவருக்குத்தான்!"

கூட்டம் சிரித்தது. முதலாளி கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். "இருக்கிற கடையே போதுங்க, உபதேசியாரே."

அவர் மனந்திரும்பினாரா, தம்பிக்கு அஞ்சினாரா என நான் விசாரிக்கவில்லை. லீக்ஸ் பிழைத்தது.

இளைய ஊழியர்களுக்கு ஒன்று சொல்வேன்: பேராசைக்காரனின் கதையைக் கைதட்டல் எழும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். ஊர் அதையே முடிவென்று எடுத்துக்கொண்டு அடிக்கல் நாட்டக் கிளம்பிவிடும்.