விட்டுவைத்த வெள்ளை

கல்லூரி நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தஞ்சாவூரில் நீர்வண்ண வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியைக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். முதல் நாளே என் பெட்டியிலிருந்த வெள்ளை நிறத்தை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும், மூடிவிட்டால் பிறகு கிடைக்காது என்றார். மூன்றாம் மாதம், நெருங்கிய ஒருவரை எக்ஸ்பிரஷனிஸ்ட் பாணியில் வரைந்துவரச் சொன்னார். தோலின் நிறத்தை அல்ல, அவரைப் பார்க்கையில் எழும் உணர்வின் நிறத்தைத் தேட வேண்டுமாம். அந்தப் பாணியைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஒரு மூக்கைக்கூட அப்படி வரைந்ததில்லை.

குடவாசலில் தனியாக வசிக்கும் என் தங்கையைக் கேட்டேன். பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினேழு வயதில் அவள் இடக்கண்ணைச் சுற்றித் தோன்றிய வெண்புள்ளி இப்போது கன்னம் கடந்து உதடுவரை வந்திருக்கிறது. வீட்டு விசேஷங்களில் போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து அவள் பந்தி பரிமாறப் போய்விடுவாள். ஆகவே சம்மதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

"இருக்கிறபடி வரையறதா இருந்தா உக்கார்றேன்."

கொல்லைக் கதவைத் திறந்து, வெளிச்சத்தில் நாற்காலி போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தாள். நெற்றியில் மஞ்சளும் கழுத்தில் நீலமும் துணிந்து இட்டேன். இடக்கன்னத்துக்கு வந்ததும் கை தானாகவே பழுப்பைக் குழைத்து, துளி வெள்ளை மிச்சமில்லாமல் மூடியது. அன்பினால் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட இதைக் காட்டியிருக்கலாம்."

அன்று அவள் முகத்தில் பவுடரை அப்பியவள் நான்தான். வந்தவர்கள் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அது வியர்வையில் கரைந்தது. அவர்கள் எழுந்து போனதைவிட, அவளைக் கேட்காமலே நான் மூடியதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு அது புரிந்தது.

தவறு செய்துவிட்டேன் என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள். இனி உட்காரமாட்டாள் என்று தூரிகைகளைக் கழுவத் தொடங்கினேன். இரண்டு டம்ளர் காபியோடு திரும்பி வந்தவள், நாற்காலியைச் சற்றே திருப்பி, இடக்கன்னத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தாள்.

"வெயில் மாறிடும். ஆரம்பி, அக்கா."

இம்முறை புதுத் தாளில் வெள்ளையின் எல்லையைத்தான் முதலில் பென்சிலால் குறித்தேன். கண்ணைச் சுற்றி, கன்னத்தில், உதட்டோரத்தில். மற்ற இடங்களை ஈரமாக்கி, செங்கல் சிவப்பையும் கருநீலத்தையும் தாராளமாக விட்டேன். தாடையருகே நீலம் எல்லை தாண்டி வெள்ளைக்குள் நுழைந்தது. பதறித் துணியால் ஒற்றப் போனேன். எட்டிப் பார்த்தவள் என் கையைத் தடுத்தாள்.

"விடு. எனக்கு மட்டும் கேட்டுக்கிட்டா பரவுச்சு?"

அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன், நீலம் போன வழிக்குப் போயிற்று.

காய்ந்த பிறகு பார்த்தால் மூக்கு கோணியிருந்தது, ஒரு கண் பெரிதாக இருந்தது. இறுக மூடிய உதடுகளைச் சுற்றிச் சிவப்பு கனன்றுகொண்டிருந்தது. அதை நான் திட்டமிடவில்லை.

"மூக்கு என்னுது இல்ல," என்றாள். உதட்டைச் சுற்றியிருந்த சிவப்பைக் காட்டி, "கோவம் என்னுதுதான்."

அவளுடைய மௌனத்தை இத்தனை காலமும் நிம்மதி என்றே நான் வாசித்துவந்திருக்கிறேன். படத்தை வகுப்புக்கு எடுத்துப் போகலாமா என்று தயங்கிக் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போயேன். யாருன்னு கேட்டா, என் தங்கச்சின்னு சொல்லு."

இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பேருந்தில் அதை மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டாம் முறையும் எனக்காக உட்கார்ந்தவளுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்பது தாராசுரம் தாண்டும்போதுதான் உறைத்தது. இறங்கியதும் போன் செய்தேன். வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வந்து சொல்லச் சொன்னாள்.