நான் கீது

எலியாகப் பாடுவதை நான் மூக்கிலிருந்துதான் தொடங்கினேன். நாக்கின் பின்பக்கத்தை அண்ணத்தோடு ஒட்டி, காற்றை மூக்கு வழியே விட்டு, தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் குரல் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டதுபோல் வரும். ஆசையாகத்தான் பழகினேன். சின்ன வயதிலிருந்து மாதா கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றவள் நான். தமிழில் வரப்போகும் கார்ட்டூன் தொடர் ஒன்றில் எலிக்குப் பாட ஆள் வேண்டும் என்றதும் கைப்பேசியில் பாடி அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குக் கேட்கப்போகும் என் முதல் பாட்டு.

திருவொற்றியூர் வீட்டின் குளியலறையில் பயிற்சி செய்தபோது அம்மா கதவைத் தட்டினாள்.

"இன்னாடி, சளி புட்சிகிச்சா? ஆவி புடி."

"எலிம்மா!"

"எங்க கீது?" என்று துடைப்பத்தோடு வந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் 'இருக்கிறது' என்பதுதான் 'கீது'.

வடபழனியில் ஒலிப்பதிவுக் கூடம். டப்பிங் இயக்குநர் தாளைக் கொடுத்தார். கதையில் மரத்தில் வாழும் அணில் நல்லவன். அவனுடைய பாட்டு பாடப்புத்தகத் தமிழில் இருந்தது. சாக்கடையில் வாழும் என் எலி திருடன். அவனுக்கு எழுதியிருந்தது இது: "சாக்கடைக்கு ராஜா நான் கீது, மூடிக்குக் கீழ சோறு கீது."

"அணிலுக்கு அப்படி, எலிக்கு மட்டும் ஏன் சார் இப்படி?"

"கேரக்டர் கலீஜா இருக்கணும்லம்மா. நீ அந்தப் பக்கம்தானே, உனக்கு ஈஸியா வரும்."

கலீஜ். அழுக்கைச் சொல்லவும் எங்கள் தெருவின் சொல்லைத்தான் எடுத்தார்.

பாடினேன். போதவில்லையாம். "இன்னும் லோக்கலா!" என்று அவரே எழுந்து வந்து பாடிக் காட்டினார். கீழுதட்டைத் தொங்கப்போட்டு, இல்லாத லுங்கியை மடித்துக் கட்டி, வரிக்கு வரி மூக்கை உறிஞ்சினார். என் அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்கிறவர்களும் அப்படிப் பேசுவதில்லை. நான் பேசி வளர்ந்த பேச்சை இந்த மனிதரைப் பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். உறிஞ்சவும் செய்தேன். மீன் கழுவின தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன்.

"சார், 'நான் கீது' வராது. 'நான் கீறேன்.' அவன் கீறான், அவங்க கீறாங்க. சோறு கீது, சட்டி கீது. உசுரோட பேசுறவன் தன்னைக் கீதுன்னு சொல்லிக்க மாட்டான்."

"கீதுன்னாதாம்மா ஜனங்களுக்குச் சிரிப்பு வரும்."

"மத்ததெல்லாம் நீங்க சொன்ன மாதிரி பாடுறேன். அது மட்டும் பாட மாட்டேன்."

அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார். இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். 'கீறேன்' என்று இழுத்துப் பாடி முடித்தேன். மெட்ரோவில் திரும்பும்போது ஏதோ ஊரையே மீட்டுவிட்டதாக ஒரு மிதப்பு.

தொடர் தொலைக்காட்சியில் வந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எலி மூடியைத் தள்ளித் தலையை நீட்டி, என் குரலில், சுத்தமாகப் பாடியது: "சாக்கடைக்கு ராஜா நான் கீது."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி இது, நான் கீதா? நீ இன்னா, சேரா பெஞ்சா?"

"நான் அப்டிப் பாடலம்மா!"

"பின்ன உன் தொண்டைய எவன் வாங்கினு போனான்?"

மறுபடி போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது. அடுத்த வரியில் நான் பாடியிருந்த 'சோறு கீது'விலிருந்து 'கீது'வை வெட்டி எடுத்து, 'நான்' என்பதற்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டின இடம்கூடத் தெரியவில்லை. இயக்குநருக்குப் போன் செய்தேன். "நல்லா உக்காந்திருக்கு பாத்தியா?" என்று பாராட்டை எதிர்பார்ப்பவர்போல் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே எங்கள் தெருப் பிள்ளைகள் பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். டியூஷன் முடிந்து வருகிற கூட்டம் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு "நான் கீது, நான் கீது" என்று குதித்தது. வீட்டில் 'கீறேன்' என்று பேசுகிற பிள்ளைகள். எதிர்வீட்டுப் பெண்ணை நிறுத்தினேன்.

"ஏய், நீ எப்டிப் பேசுவ? நான் கீறேன்னுதானே?"

"ஆமா யக்கா. ஆனா டிவில அப்டித்தான வருது."

"அது தப்புடி. பாடுனதே நான்தான், எனக்குத் தெரியாதா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ நீதான யக்கா தப்பா பாடி வெச்சிகீற?"