டீசலின் விலாவில் ஒரு கட்டி

மழையில் நனைந்த நாயின் நாற்றமும் கிரீஸ் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன அப்பா மழைக்காலத்துக்கு ஊர் திரும்பிவிட்டார் என்று அர்த்தம். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கொஞ்சுவது எங்களையல்ல, எங்கள் நாய் டீசலைத்தான். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், அப்படித் தடவிக்கொண்டிருந்த அவர் கை அதன் விலாவில் சட்டென்று நின்றது. தோலுக்கடியில் ஒரு கட்டி.

சும்மா உட்கார முடியாமல் மிக்சியையும் மோட்டாரையும் கழற்றிப் போட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மனிதருக்கு இது போதாதா? அம்மா பூசிய மஞ்சளை டீசல் நக்கித் தீர்த்தது. பெரியப்பா, "குதிர மயிரால இறுக்கிக் கட்டுனா தானா உழுந்துரும்" என்றார். நல்லவேளை, எங்கள் ஊரில் குதிரை இல்லை. அப்பா யாரையும் அமுக்கவிடாமல், கட்டியின்மேல் போல்ட் கழற்றும் பன்னிரண்டாம் நம்பர் ரிங் ஸ்பேனரின் வளையத்தை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. "வளருதான்னு பாக்கோணும் சாமி" என்றார்.

மழை விடுவதற்குள் அது பதினான்காம் நம்பர் கேட்டது. அதை அளந்த இரவு அப்பா சாப்பிடவில்லை. புற்றுநோயாக இருக்குமென்று யாரோ சொல்ல, டீசல் செத்துப்போய்விடும் என்று நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர், "கட்டி பெருசாகுதுங்களா?" என்று கேட்டதுதான் தாமதம், அப்பா இரண்டு ஸ்பேனரையும் எடுத்து மேசைமேல் வைத்து, "இதுல இருந்து இதுக்கு வந்துருச்சுங்க" என்றார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"வெறும் கொழுப்புக் கட்டிங்க. அதுபாட்டுக்கு இருக்கட்டும். திடீர்னு பெருசானாலோ புண்ணானாலோ கூட்டிட்டு வாங்க."

"அப்படியே உட்டர்றதுங்களா? வண்டியில இப்படி இருந்தா உடுவமுங்களா?"

"வண்டின்னா நானே கழட்டச் சொல்லுவனுங்க. இது நாயிங்க."

அப்பாவுக்கு மனசே ஆறவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் வந்து இறங்கியதும் முதலில் அளவெடுப்பார். "அப்படியேதான் இருக்குது" என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

டீசல் வயதாகித்தான் செத்தது. அப்பாவும் இப்போது வண்டிக்குப் போவதில்லை. அஸ்தம்பட்டியில் என்னோடு இருக்கிறார். பொழுது போகட்டுமென்று போன மாதம் ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தேன். நோய் நொடியில்லாத நல்ல குட்டி. அப்பா அதை மடியில் போட்டு, தலையிலிருந்து வால்வரை மெல்லத் தடவினார். புரட்டிப்போட்டு விலாவில் இன்னொரு முறை தடவினார்.

"நல்ல நாயிதான் சாமி" என்றார். "கைக்குத்தான் ஒண்ணும் தட்டுப்படல."