லோடு போட்டுப் பாக்காத டயர்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். எழுதி என்ன ஆகப் போகுது, கிழிஞ்ச டயரு ஒட்டிக்கவா போகுது. அப்புறம் ஞாயித்துக்கிழம மழ பிடிச்சுது, கரண்டும் போச்சு, வேற வேலையும் இல்ல. அதான்.

எங்கப்பாவுக்கு பூனாவுல கட்கி பேக்டரியில செக்கிங் செக்‌ஷன். முப்பத்தி நாலு வருஷம். அடுத்தவன் செஞ்சு வச்சதுல தப்பு கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் டியூட்டி முடியாது. குக்கர் மூடியக்கூட ரெண்டு தடவ திருப்பிப் பாத்துட்டுத்தான் அம்மா கையில குடுப்பாரு. நான் அவர "இன்ஸ்பெக்டர் சார்"னு கூப்புடுவேன். சிரிக்க மாட்டாரு, திட்டவும் மாட்டாரு.

டியூட்டிக்குப் போறது வர்றது எல்லாம் சைக்கிள்தான். ஆனா ரிட்டயர் ஆகுற அன்னிக்கு மட்டும் சைக்கிள்ல வரக் கூடாது, அது எங்க குவார்ட்டர்ஸ் லைன் வழக்கம். பேக்டரி கேட்லயே மாலய போட்டு, ஒரு வண்டியில உக்கார வச்சு, கூட வேல செஞ்சவங்க எல்லாம் தொத்திக்கிட்டு, முன்னாடி டோல் மேளம் அடிச்சுக்கிட்டே வீட்டு வாசல்ல கொண்டாந்து விடுவாங்க. சில பேருக்கு டெம்போ, சில பேருக்கு வாடகக் காரு. எங்கப்பாவுக்கு என் ஜீப்புதான்னு நான் லைன் பூரா சொல்லி வச்சிருந்தேன்.

குட்டி ஜீப்பு. மிலிட்டரி ஏலத்துல விட்டது, மூணாவது கையா என்கிட்ட வந்துச்சு. டயரு ஒல்லி. பயில்வானுக்கு கொழந்த செருப்பு மாட்டுன மாதிரி இருக்கும். குனிஞ்சே சைக்கிள் மிதிச்ச மனுஷன் ஒரு நாளாவது எல்லாரையும் விட ஒசரமா உக்காந்து வரட்டும்னு நெனச்சேன். அப்பல்லாம் செல்போன்ல பாம்பு வெளயாட்டுதான் பெரிய விஷயம். அந்த மாதிரி வயசு.

ஒரு வாரம் இருக்கறப்ப, பெரிய ஜீப்புலேர்ந்து கழட்டுன நாலு டயரு கெடச்சுது. மூணு வீடு தள்ளி இருக்குற என் பிரெண்டுக்கு ஔந்த் ரோட்டுல டயர் கடையில வேல. கட வாசல்லயே வச்சு மாட்டுனோம். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா முன் டயரு மட்கார்டுல ஒரசுச்சு. விளிம்ப கட்டர்ல அறுத்துட்டோம். பின்னாடி நாலு வெரல் கேப் இருந்துச்சு. பாக்க ஒரே மாதிரி இருக்கட்டும்னு அங்கயும் அறுத்தேன்.

"எட்டு பேர ஏத்திட்டு ஒரு ரவுண்டு போய்ப் பாருடா"ன்னான் பிரெண்டு. "வெயிட்டு ஏறுச்சுன்னா ஸ்பிரிங் பட்ட அமுங்கி அந்த கேப் போயிரும்."

"உன் மாமியார வரச் சொல்லு, ஒரு ஆளே போதும்."

"எனக்குக் கல்யாணமே ஆகலடா."

"அப்ப லோடுக்கு நான் எங்கடா போறது?"

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

கடைசி நாளுக்கு மொத நாளு அப்பா ஜீப்ப ஒரு சுத்து சுத்தி வந்தாரு. பின் டயருக்கு மேல வெரல விட்டுப் பாத்தாரு. அறுத்த விளிம்புல கட்டவெரல ஓட்டுனாரு.

"லோடு போட்டுப் பாத்தியா?"

"பாத்தாச்சு இன்ஸ்பெக்டர் சார். சீல் குத்தி பாஸ் பண்ணிடு."

"விளிம்புக்கு அரம் போடலியே."

"போட்டுக்கலாம்பா."

உள்ள போயிட்டாரு.

மறுநாளு சாயங்காலம் நாலு மணிக்கு கேட்ல நின்னேன். அப்பா கழுத்துல மூணு மால, கையில தேங்கா, ஒரு சொவத்துக் கடியாரம். வண்டிகிட்ட வந்ததும், "நாலு பேர் போதும், மத்தவங்க ஸ்கூட்டர்ல வாங்க"ன்னாரு.

"கடைசி நாள்லயும் கண்டிஷன் பாரு இவருக்கு"ன்னு சொல்லி நான்தான் எல்லாரையும் ஏத்துனேன். மராட்டிக்காரங்க "சலா, சலா"ன்னு, அதாவது வாங்க போலாம்னு, ஏறிட்டாங்க. பம்பர் மேல நின்னவரயும் சேத்தா பதினோரு பேரு. அப்பா மட்டும் ஒரு ஆளக் கூப்ட்டு, "என் சைக்கிள வண்டிக்குப் பின்னாடியே ஓட்டிட்டு வா"ன்னாரு. ஒரு நாளுகூட சைக்கிள விட மாட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

மொத திருப்பத்துலயே ரப்பரு கருகுற நாத்தம். நான் ஹாரன அமுக்கிக்கிட்டே போனேன். பஜாருக்கு முன்னாடி இருக்குற ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்குச்சு, டமார்னு ஒரு சத்தம். பின்பக்கம் எடது சைடு ஒக்காந்துருச்சு. டோல் அடிக்கிறவங்களுக்குத் தெரியல, இருவது அடி தள்ளிப் போய்த்தான் நின்னாங்க.

டயருக்கு சைடுல ஒரு சாண் நீளம், பிளேடு போட்ட மாதிரி கீறல். ஸ்டெப்னி கெடையாது. பெரிய டயரு நாலுதான் கெடச்சுது, பழசு எல்லாத்தயும் கடையிலயே குடுத்துட்டேன். ஸ்டெப்னி மாட்டுற பின் கதவுல வெறும் போல்ட்டுதான் இருந்துச்சு.

எனக்கு ஒண்ணுமே தோணல. வெக்கமும் இல்ல, பயமும் இல்ல. அந்த போல்ட்டயே பாத்துட்டு நின்னேன். மூணு போல்ட்டு, ஒண்ணு துரு.

அப்பா எறங்கி வந்தாரு. குனிஞ்சு அந்த விளிம்புல அதே கட்டவெரல ஓட்டுனாரு. யாரோ ஆட்டோ கூப்புடப் போனாங்க. "வேணாம்"னுட்டு சைக்கிள வாங்கிக்கிட்டாரு. மாலைங்க செயின்ல மாட்டாம தோளுக்குப் பின்னாடி தள்ளிட்டு ஏறி ஒக்காந்தாரு.

டோல்காரன் என்ன பாத்து, "அடிக்கவா?"ன்னு இந்தியில கேட்டான்.

அடின்னேன்.

டோல்காரங்க நடைக்குச் சரியா அப்பா மெதுவா மிதிச்சுக்கிட்டுப் போனாரு. அம்மா சைக்கிளயும் சேத்துத்தான் ஆரத்தி சுத்துனாங்களாம். நான் அங்க இல்ல, ஜீப்புக்குக் காவல் இருந்தேன்.

வீட்டுக்குப் போனப்ப பனியனோட ஒக்காந்து டீ குடிச்சிட்டிருந்தாரு.

"டயரு போச்சா?"

"போச்சுப்பா."

"சரி, கையக் கழுவிட்டு வந்து சாப்புடு."

அவ்ளோதான். அதப் பத்தி அப்புறம் ஒரு வார்த்த பேசல. நானும் அவர இன்ஸ்பெக்டர் சார்னு கூப்புடறத விட்டுட்டேன். முடிவு பண்ணி விடல, வாயில வரல. ஜீப்ப வித்தேன், வேற வண்டி வாங்குனேன். போன வருஷம் அப்பா போயிட்டாரு. அன்னிக்கும் எனக்கு அழுக வரல. எல்லாருக்கும் டீ வாங்கியாந்து குடுத்தேன்.

ஒரே ஒரு விஷயம்தான் உள்ள கெடக்கு. பாத்தாச்சுன்னு நான் சொன்ன பொய்ய நம்பித்தான் அவரு அன்னிக்கு வண்டியில ஏறுனாரு. இது வரைக்கும் எழுதிட்டு அந்த டயர் கட பிரெண்டுக்கு போன் போட்டேன். "எங்கப்பா நான் சொன்னத அப்படியே நம்பிட்டாருல்லடா?"ன்னு கேட்டேன்.

"ரிட்டயர் ஆன அன்னிக்குக் காலைல டியூட்டிக்குப் போறப்பவே என்கிட்ட கேட்டாருடா, நீ லோடு போட்டுப் பாக்கலன்னு சொல்லிட்டேன்"னான்.