மல்லி ஆடியது ஏன்

ஊரடங்குக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எடுத்த ஒரு வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் பின்வளவுத் தகரக் கொட்டிலின் அரைக்கதவுக்கு மேலாக ஒரு வெள்ளைக் குதிரை தலையை நீட்டி, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கிறது. பின்னால் ஒரு குத்துப்பாட்டு. ஆட்டம் தாளத்துக்குச் சரியாகப் பொருந்துவதால் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாட்டு நின்ற பிறகும் அது ஆடிக்கொண்டே இருந்தது. அந்தப் பகுதி வீடியோவில் இல்லை.

குதிரை அத்தானுடையது. என் அக்காவின் கணவர். கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்வது அவருடைய தொழில். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வண்டியும் வைத்திருந்தார். மலைநாட்டில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரையை வாங்கி வந்து மல்லி என்று பெயர் வைத்தார். நாங்கள் அதை மல்லிகைப்பூவாக எடுத்துக்கொண்டோம். தெருவில் இருந்த சிங்களவர்கள் தங்கள் மொழிப்படி 'தம்பி' என்று எடுத்துக்கொண்டார்கள். அவரிடம் கேட்டால் இரண்டும் சரிதான் என்பார். சனி ஞாயிறுகளில் அவரும் மல்லியும் வெள்ளவத்தை மண்டபங்களுக்குப் போவார்கள். மற்ற நாட்களில் விடியுமுன் முகத்துவாரக் கடற்கரை வரை இருவரும் நடந்துவிட்டு வருவார்கள். மேல்மாடியில் குடியிருந்த எனக்கு அந்தக் குளம்புச் சத்தத்தில்தான் விழிப்பு வரும்.

எல்லாம் அடைபட்டபோது அக்கா சந்தோஷப்பட்டாள். இப்போதாவது அந்த வாயில்லாச் சீவன் காலை நீட்டி ஓய்வெடுக்கட்டும் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வாரங்களில் மல்லி கதவுப் பலகையைப் பல்லால் கவ்விக்கொண்டு காற்றை விழுங்கத் தொடங்கியது. பிறகு இந்த ஆட்டம். புல் இருந்தது, தண்ணீர் இருந்தது, உடம்பில் ஒரு காயமும் இல்லை. அத்தான் மிருக வைத்தியரைப் போனில் பிடித்தார். நோய் என்று ஒன்றும் இல்லை, அடைத்து வைத்ததால் வந்தது, குதிரைக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, துணைக்கு இன்னொரு குதிரையும் இல்லை என்றார் டொக்டர். ஏதாவது வேலை கொடுத்துப் பார்க்கச் சொன்னவர், இது ஒருமுறை பழகிவிட்டால் எல்லாம் சரியான பிறகும் தழும்பு மாதிரி நின்றுவிடலாம் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து அத்தான் கொட்டிலிலேயே கிடந்தார். புல்லை ஒரே இடத்தில் போடாமல் வலையில் கட்டி மூலைக்கு மூலை தொங்கவிட்டார். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கலனுக்குள் கரட் துண்டுகளைப் போட்டு உருட்டக் கொடுத்தார். அக்காவின் பூச்சாடிகளை வளவில் வரிசையாக வைத்து, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து நடக்கப் பழக்கினார். வேலை நடக்கும்போது மல்லியின் காதுகள் இரண்டும் அவர் பக்கமே திரும்பி நிற்கும், ஆட்டம் நின்றுவிடும். அவர் தேத்தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால் மறுபடி தொடங்கும்.

அப்படியென்றால் அதற்குக் கல்யாண வேலை பிடித்திருந்ததா? என் மனம் அதை முழுதாக ஏற்கவில்லை. ஒரு முறை வெள்ளவத்தையில் மண்டப வாசலில் சீனவெடி கொளுத்தியபோது பக்கத்தில் நின்றேன். மல்லி அசையவில்லை. ஆனால் கழுத்தில் கை வைத்தபோது வியர்வையில் நனைந்து, தோலுக்கடியில் முழு உடம்பும் நடுங்கிக்கொண்டிருந்தது. சனங்கள் நல்ல அடக்கமான குதிரை என்றார்கள்.

மண்டபங்கள் மறுபடி திறந்த வருடம், அலங்காரம் கட்டும்போது அத்தான் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். குதிரையைப் பார்க்க ஆளில்லை. இரத்மலானையில் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு சிங்கள முதலாளிக்கு, எல்லோரும் மரியாதையாக மஹத்தயா என்று அழைப்பவருக்கு, நுகேகொடைக்கு அப்பால் தென்னந்தோட்டம் இருந்தது. அங்கே விடுவதென்று அக்காதான் முடிவெடுத்தாள்.

ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் அவரை அங்கே கூட்டிப் போனேன். பரந்த புல்வெளி, நிழல், தொட்டி நிறையத் தண்ணீர். மல்லி எல்லாவற்றையும் விட்டுவிட்டு கேற்றடியில் நின்று ஆடிக்கொண்டிருந்தது. மஹத்தயா நல்ல மனிதர். இங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை, நிம்மதியாக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். அத்தான் அவரிடம் ஒரு கயிறு கேட்டு வாங்கினார். ஒரு கையில் கோலும் மறுகையில் கயிறுமாகத் தோட்டத்தைச் சுற்றினார். அவருடைய நொண்டல் நடைக்கு ஏற்றபடி அந்தப் பெரிய உடம்பு நின்று நின்று கூடவே வந்தது. தலை ஆடவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு நாங்கள் வந்த வாகனத்தின் கதவைச் சாத்துமுன் மறுபடி ஆடத் தொடங்கியது.

வரும் வழியில் அத்தான் சொன்னார். "அவன் வேலையைத் தேடுறானோ என்னைத் தேடுறானோ, எனக்கு விளங்கேல்லை பிள்ளை. பழகினதாலதான் ஆடுறானோ என்னவோ."

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனார். அக்கா ஏசுவாள், கேட்கமாட்டார். போன ஞாயிறு இடுப்பு வலி எழும்ப விடவில்லை. என்னைப் போகச் சொன்னார். மல்லி எனக்குப் பின்னாலும் நடந்தது. தென்னைகளுக்கிடையே வளைந்து, குட்டையைச் சுற்றி, காதை என் பக்கம் திருப்பியபடி வந்தது. ஒரு முறை மட்டும் நின்று றோட்டுப் பக்கம் பார்த்தது. நான் கயிற்றை இழுக்காமல் காத்து நின்றேன். பிறகு தானே நடந்தது.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"நடந்தவனோ?"

"ஓம், நல்லா நடந்தவன்."

"சந்தோஷமா இருந்தவனோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதுமாயிருந்திருக்கும். "எனக்குத் தெரியேல்லை அத்தான்" என்றேன்.

"வாற கிழமையும் போ பிள்ளை" என்றார். "அவனைத் தோட்டத்துக்குள்ள வேற வழியால கூட்டிக்கொண்டு போ. புதுசா ஏதும் பார்க்கட்டும்."